தில்லைநாதன் பார்த்த ஊர்கள்

என் டூருக்குப் பேர் கொடுக்க வருகிறவர்கள் எந்தக் கோயில், எந்த ஓட்டல் என்று முதலில் கேட்பதில்லை. "சமையல்காரர் யாரு?" என்றுதான் கேட்பார்கள். கடலூர் செம்மண்டலத்தில் உட்கார்ந்துகொண்டு, ரிட்டயர் ஆனவர்களைச் சேர்த்து இருபத்திரண்டு வருஷமாக ஊர் சுற்றிக் காட்டுகிறேன். காசியானாலும் காஷ்மீரானாலும் இவர்களுக்கு ராத்திரி ரசம் வேண்டும். தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, "மோர் மிளகாய் வறுக்கலியா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்த மகராசன் உண்டு. அதனால் என் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு வேன் வரும். அதில் கேஸ் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, மூட்டையோடு மூட்டையாகத் தில்லைநாதன்.

தில்லைநாதனுக்கு வீடு சிதம்பரத்தில், ஓமக்குளம் பக்கம். ஐம்பத்தாறு வயசு. ஒல்லி உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துண்டு, வாயில் எப்போதும் "ஆகட்டும் அண்ணே." பத்தொன்பது வருஷம் என்னோடு ஊர் ஊராக வந்தான். வந்தான் என்றுதான் சொல்ல முடியும், பார்த்தான் என்று சொல்ல முடியாது. நாங்கள் கோட்டைக்குள் நுழையும்போது அவன் பார்க்கிங்கில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பான். நாங்கள் கோயிலை விட்டு வெளியே வரும்போது அவன் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருப்பான். தாஜ்மகால் வாசலுக்கு மூன்று தடவை வந்தவன், அதன் வெள்ளையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஊரில் யாராவது, "அங்கல்லாம் எப்படி தில்லை?" என்று கேட்டால் தண்ணியைப் பற்றிச் சொல்வான்.

"காசித் தண்ணி அருமையான தண்ணிங்க. பருப்பு வெண்ணெயாட்டம் கரையும். ராஜஸ்தான் பக்கம் போனா உப்பு ஜாஸ்தி, நாலு விசில் வுட்டாலும் பருப்பு கல்லா கெடக்கும். காஷ்மீர்ல மேல போனா தண்ணி கொதிக்கும், சோறு வேகாது."

அவ்வளவுதான் அவன் பயணக் கதை. நான் பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, "இந்தியாவையே பருப்பு வேக வச்சு அளந்தவர் நம்ம தில்லை" என்று அறிமுகப்படுத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். டூர் நடத்துகிறவனுக்கு வாய்தான் மூலதனம், எனக்கு அது கொஞ்சம் நீளம். அந்த வாயால் நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் பினாங்குக்கு ஒரு டூர் போட்டேன். மலேசியாவில் ஒரு தீவு. பழைய கட்டடங்கள், சீனக் கோயில்கள், தெருவெல்லாம் தின்பண்டம். சென்னையிலிருந்து நேராக அங்கேயே விமானம் போக ஆரம்பித்திருந்தது. ஆறு நாள். பார்ப்பதும் தின்பதும்தான் வேலை, தெருக்கடையில்தான் சாப்பாடு என்று நோட்டீஸே அடித்துவிட்டேன். சமையல் வேன் இல்லாத என் முதல் டூர் அது.

தில்லையைக் கூப்பிட்டு, "இந்த ஒரு தடவை உனக்கு ரெஸ்ட்டு" என்றேன். வருத்தப்படுவான் என்று நினைத்தேன். அவன் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அப்ப நான் சமைக்க வேண்டியதில்லீங்களா அண்ணே?"

"வேணாம்ப்பா."

"அப்ப ரெண்டு சீட்டு எனக்குப் போடுங்க. நானும் புஷ்பாவும் வர்றோம். பேசஞ்சரா."

புஷ்பவள்ளி அவன் சம்சாரம். ஒரே பெண் காயத்ரியை வளர்த்துத் திட்டக்குடியில் கட்டிக் கொடுத்தது வரைக்கும் எல்லாம் அவள் பாடு, இவன்தான் பாதி வருஷம் என் வேனில் இருப்பானே. இத்தனை வருஷத்தில் அவள் எந்த ஊருக்கும் கூட வந்ததில்லை. "என்னப்பா திடீர்னு?" என்றேன்.

"அவளுக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்ல அண்ணே. அதுக்குள்ள ஒரு ஊரு பாத்துடணும்கறா."

நான் போனை நோண்டிக்கொண்டே, "கண்ணாடிய மாத்தச் சொல்லு" என்றேன்.

அதுக்குள்ள என்று அவன் சொன்னானே, எதற்குள்ளே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கண்ணில் பிரஷர். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டியபோதே வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் மிச்சம். அதுவும் பகல் வெளிச்சத்தில்தான், பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. போனது வராது, இருப்பது ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழவில்லையாம். "நீங்க போற ஊருங்கள்ல ஒண்ணையாச்சும் நான் பாத்துடறேன், கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

அதிலிருந்து நாலு மாசம் தில்லைக்கு வேறு நினைப்பே இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினான். காயத்ரி வாங்கிக் கொடுத்த போனில் பினாங்கு வீடியோக்களாகப் பார்த்தான். புஷ்பவள்ளி முகத்தோடு முகமாகப் போனை வைத்துப் பார்த்து, எனக்கு இது வேணும், இது வேணும் என்று சொல்ல, அவன் எழுதினான். வாரம் ஒருமுறை பஸ் பிடித்துக் கடலூர் வந்து, என் ஆபீசில் உட்கார்ந்து அதை எனக்குப் படித்துக் காட்டுவான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் கேட்பேன், ஏனென்றால் அந்தத் திட்டம் அப்படி இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதுபோல ஒன்று போட்டதில்லை.

காலையெல்லாம் அவள் கண்ணுக்கு, சாயங்காலமெல்லாம் நாக்குக்கு என்று பிரித்திருந்தான். நாக்குக்கு வெளிச்சம் தேவையில்லையே. மலைமேல் ஏறுகிற ரயிலுக்கு முதல் வண்டி, அப்போதுதான் கூட்டம் இடிக்காது. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற மரவீடுகளுக்கு எட்டு மணி, வெயில் ஏறி முகத்தில் அடிப்பதற்குள். சுவரில் சைக்கிளோட்டுகிற ரெண்டு பிள்ளைகளின் சித்திரத்துக்கு ஒன்பது மணி. சீனக் கோயிலுக்குப் படிக்கட்டு ஜாஸ்தி என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படிகளை எண்ணி, எங்கெங்கே கைப்பிடி இல்லை என்றுகூடக் குறித்திருந்தான். இதெல்லாம் எதற்கென்று அப்போதும் நான் கேட்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் அவன் யாரையும் நம்பவில்லை. பரங்கிப்பேட்டையில் காசிம் பாய் என்று ஒருவர், பினாங்கில் சோற்றுக்கடையில் பதினோரு வருஷம் நின்றவர். அவரைத் தேடிப் போய் உட்கார்ந்து விசாரித்தான்.

"நாசி கண்டார் கடையில போய் ஒரு குழம்பு மட்டும் கேக்கக்கூடாதாம் அண்ணே. எல்லாக் குழம்பையும் கலந்து சோறு முங்க ஊத்தச் சொல்லணுமாம். அப்பறம் செண்டோல்னு ஒண்ணு. நம்ம இடியாப்ப மாவாட்டம்தான், பச்சையா புழிஞ்சு, தேங்காப்பாலும் பனைவெல்லமும் ஐஸும் போட்டுக் குடுக்கறான். அத வாயில வச்சா புஷ்பா என்னா சொல்லுவான்னு பாக்கணும்."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்தாம் நாள் சாயங்காலத்துக்கு மட்டும் கடை பேர் இல்லை. "கடலோரம். மேஜையில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரணும். வேற யாராவது கொண்டுவந்து வைக்கணும்" என்று எழுதியிருந்தது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவளோடு உட்கார்ந்து அவன் சாப்பிட்டதில்லையாம். சமைக்கிறவனுக்கு அடுப்பு ஆவியிலேயே வயிறு நிறைந்துவிடும், கடைசியில் நின்றுகொண்டே ரெண்டு வாய் போட்டுக்கொள்வான். அதைப் படித்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

புறப்பட ஒரு மாசம் இருக்கும்போது செம்மண்டலத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கூட்டம் வைத்தேன். எல்லா டூருக்கும் முன்னால் வைப்பதுதான். பயணிகள் இருபத்திரண்டு பேர், இவர்கள் ரெண்டு பேர். மூணாவது வரிசையில் புஷ்பவள்ளி புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்போர்ட்டைப் பையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

விமானம், பெட்டி, எடை எல்லாம் சொல்லி முடித்தேன். சந்திரலேகா டீச்சர் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவர், என் பழைய வாடிக்கை. நல்ல மனுஷிதான். நாக்குக்குத்தான் அடிமை.

"எல்லாம் சரி பாலகுமார். ராத்திரி சாப்பாட்டுக்கு என்னா பண்ணப்போற?"

"தெருக்கடைதான் டீச்சர். நோட்டீஸ்லயே போட்டிருக்குதே."

"பகல்ல எத வேணா திங்கலாம்ப்பா. ராத்திரி வயித்துக்கு ஒரு கரண்டி ரசம் சாதம் வேணாமா? நான் சுகர் மாத்திரை போடறவ."

பின்னால் நாலு பேர் ஆமாம் என்றார்கள். ஒருத்தர், தான் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடுவதில்லை, அன்றைக்கு என்ன செய்வது என்றார். இன்னொருத்தர், அப்படியானால் எங்கள் ரெண்டு பேர் பேரையும் எடுத்துவிடுங்கள் என்றார். எண்ணிக்கொண்டே வந்தேன், ஏழு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். தெருத்தீனி தின்னவென்றே போகிற டூருக்குச் சமையல்காரர் கேட்கிற ஜனம் உலகத்தில் நாம் மட்டும்தான் இருப்போம். வாயைத் திறந்தேன்.

"எதுக்குப் பதர்றீங்க? நம்ம தில்லைதான் கூடவே வர்றானே! ராத்திரி ஒருவேளை ரசம் வெக்க மாட்டானா?"

மண்டபமே கைதட்டியது. தில்லைநாதன் எழுந்து நின்றான். கைதட்டல் கேட்டதும் எழுந்து கும்பிடுவது பத்தொன்பது வருஷப் பழக்கம். கும்பிட்டுவிட்டு, "செஞ்சிடலாங்க" என்றான். உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்கும், புஷ்பவள்ளி பக்கம் திரும்பினான். அவள் எல்லோருக்கும் கடைசியாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். புருஷனுக்காகத் தட்டுகிறார்கள் என்று அவளுக்குப் பெருமை.

ராத்திரி ஒருவேளை ரசம் என்றுதான் தொடங்கியது. அடுத்த வாரம் காலையில் பில்டர் காபி என்றார்கள். அதற்கடுத்து, காபி போடுகிறவர் நாலு இட்லி ஊற்றமாட்டாரா என்றார்கள். பிறகு மத்தியானத்துக்குக் கட்டுத் தயிர்சாதம், எதற்கும் கையில் இருக்கட்டும் என்று. ஒவ்வொன்றையும் நான் போனில் சொல்ல, அவன் "ஆகட்டும் அண்ணே" என்றான். ஓட்டலை மாற்றி, சமையலறையோடு கூடிய அடுக்ககத்தில் ரூம் போட்டேன். ரெண்டு குக்கரும் இட்லித் தட்டும் தில்லையும் புஷ்பவள்ளியும் கொண்டுவரும் பெட்டிக்குள் போயின. காயத்ரி அம்மாவுக்குத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகள் எடை கூடுதலென்று வெளியே வந்தன.

இன்னொன்றும் செய்தேன். அவன் நோட்டை வாங்கி, ஜெராக்ஸ் போட்டு, இருபத்திரண்டு பேருக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். இவ்வளவு நல்ல திட்டம் வீணாகக்கூடாது பாருங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன், அந்த அளவுக்கு அறிவு இருந்தது.

பினாங்கில் அந்த நோட்டுதான் எங்களுக்கு எல்லாம். அவன் எழுதிய நேரத்துக்கு முதல் ரயிலில் மலையேறினோம். கூட்டமே இல்லை. அவன் சொன்ன மணிக்கு மரவீடுகளுக்குப் போனோம், கடல் கண்ணாடிபோல் கிடந்தது. குழம்பு முங்க ஊற்றச் சொன்ன சோற்றைத் தின்றுவிட்டு டீச்சர் விரலைச் சப்பினார். "செண்டோலுக்கு இந்தக் கடைய எப்படிய்யா கண்டுபிடிச்சான்?" என்று ஆளாளுக்கு அவனைப் புகழ்ந்தார்கள். அவன் அடுக்ககத்தின் பதினோராவது மாடியில் மின் அடுப்பில் இருபத்தைந்து பேருக்கு அரிசி களைந்துகொண்டிருந்தான். அந்த அடுப்பு மெதுவாகத்தான் சூடேறும், அதனால் விடியுமுன் எழுந்தால்தான் மத்தியானக் கட்டுச்சோறு நேரத்துக்கு முடியும். முதல் நாள் அவன் தனியாகத் திணறுவதைப் பார்த்துவிட்டு, புஷ்பவள்ளி முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பீன்ஸைத் தடவித் தடவி நறுக்கினாள். பார்ப்பதற்காகக் கடல் தாண்டி வந்தவள், வந்த நாளிலிருந்து அந்தச் சமையலறையை விட்டு நகரவில்லை.

நாலாம் நாள்தான் அவள் உள்ளங்கையில் துணிக்கட்டைப் பார்த்தேன். அடுப்பு சிவந்திருப்பது தெரியாமல் கையை வைத்துவிட்டாளாம். "தெரியாமன்னா?" என்று தில்லையைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் பாண்டிச்சேரி டாக்டர் சொன்னது முழுதையும் சொன்னான்.

"ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே அண்ணே, கண்ணு சரியில்லன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்கு அடுப்பு கிடையாது. காலையில கார் வரும், நீங்க ரெண்டு பேரும் போறீங்க, எல்லாத்தையும் பாத்துட்டு ராத்திரிதான் வரணும்" என்றேன். ஐந்தாம் நாள் காலை அவள் தலைக்குக் குளித்து, கூட்டத்துக்குக் கட்டியிருந்த அதே புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முகம் அப்படி ஒரு பிரகாசம்.

அதற்குள் மேலே ரெண்டு ரூமிலிருந்து ஆள் வந்துவிட்டது. முந்தின நாள் தின்றது ஒத்துக்கொள்ளாமல் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு. டீச்சர் எழுந்திருக்கவே முடியவில்லை. கஞ்சி வேண்டும், மிளகு ரசம் வேண்டும், ஓம வாட்டர் வேண்டும். தில்லை என் முகத்தைப் பார்த்தான். நான் போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பான். கஞ்சி வைக்க எனக்குத் தெரியாதா? தெரியும். அரை மணி நேர வேலை. ஆனால் ஆறு பேர் வீட்டிலிருந்தும் போன் வந்தபடி இருந்தது, எனக்குப் பதற்றம், பத்தொன்பது வருஷமாக எதற்கும் அவனைக் கூப்பிட்டே பழகிவிட்டது. "ஒரு மணி நேரம் பாத்துட்டுப் போயிடுப்பா" என்றேன். புஷ்பவள்ளிதான், "பாவம், வயித்த வலிக்காரங்க. காரைத் திருப்பி அனுப்பிடுங்கண்ணே" என்று புடவை மாற்றப் போனாள். அந்த ஒரு மணி நேரம் பொழுது சாயும்வரை போனது. ஆறாம் நாள் விடிந்ததிலிருந்து மழை, பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பாத்திரம் கட்ட வந்துவிட்டாள்.

விமான நிலையத்துக்குப் பஸ் கிளம்பும்போது இருட்டிவிட்டது. நான் முன்சீட்டில் இருந்தேன், அவர்கள் எனக்கு நேர் பின்னால். ஜன்னல் பக்கம் புஷ்பவள்ளி. கொஞ்ச தூரம் போனதும் தில்லையின் குரல் கேட்டது.

"இதோ பாரு புஷ்பா, உன் பக்கம். கடலுக்குள்ள மரவீடுங்க. வாசல்ல வெளக்கு தொங்குது பாரு."

திரும்பி வெளியே பார்த்தேன். துணி காயப்போட்ட அடுக்குமாடிகள்தான் போய்க்கொண்டிருந்தன.

"செவுத்துல சைக்கிள் வந்துடுச்சு. ரெண்டு புள்ளைங்க, அக்கா முன்னாடி, தம்பி பின்னாடி."

அது ஏதோ தொழிற்சாலையின் மதில்.

"அந்தப் பொண்ணு சிரிக்குதுங்களா?" என்றாள்.

"நல்லா சிரிக்குது."

"ம்ம். அழகா இருக்குதுங்க."

சீனக் கோயிலின் படிகளை எண்ணிச் சொன்னான். மலை ரயில் வளைவதைச் சொன்னான். நோட்டின் எல்லாப் பக்கத்தையும் வரிசை தப்பாமல் ஒப்பித்தான். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து ஒவ்வொன்றுக்கும் அழகா இருக்குது, அழகா இருக்குது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அதையாவது பார்த்ததாக நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன மாசம் காசி டூருக்குத் தேதி கேட்க ஓமக்குளம் போனேன். போனில் கேட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. புஷ்பவள்ளிக்கு இடது கண்ணும் போய்விட்டது. சுவரைப் பிடித்தபடி வந்து, குரலை வைத்து, "வாங்கண்ணே" என்று சிரித்தாள். தில்லை உள்ளே அடுப்படியில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தான். கறிவேப்பிலை வாங்க வந்த பக்கத்து வீட்டு மங்கலம் என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா புஷ்பா, பிளேன்லல்லாம் போயிட்டு வந்த. அந்த ஊரப் பத்தி வாயத் தெறக்கவே மாட்டேங்கறியே. அப்படி என்னாதான் பாத்த?"

"சொல்லேன் புஷ்பா" என்று உள்ளேயிருந்து தில்லை குரல் கொடுத்தான். "பஸ்ஸுல வழியெல்லாம் காட்டிட்டு வந்தேனே."

புஷ்பவள்ளி அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அந்த ஊரு தண்ணி நல்ல தண்ணி மங்கலம்" என்றாள். "பருப்பு ஒரே விசில்ல வெந்துடும்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. பஸ்ஸில் அவன் காட்டிய எதையும் அவள் நம்பவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கும் அப்போதுதான்.